'இன்னும்' என்ற ஒரு சொல்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அவருடைய நடைக்காக. இரண்டாம் முறை எரிச்சலோடு. புதிய வீடியோ கேம் பெட்டி ஒன்று சந்தைக்கு வந்தால் குழந்தைகள் இன்னும் துள்ளிக் குதிக்கிறார்களா என்று கேட்கிறார். இல்லை என்று தாமே பதிலும் சொல்லிக்கொள்கிறார். அந்த 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டு வியப்பின் மரணம், குழந்தைமையின் அழிவு, தமிழ்க் கவிதையின் வறட்சி என்று மூன்று படி ஏறி உட்கார்ந்துவிடுகிறார். இவ்வளவுக்கும் ஆதாரம், பெங்களூரில் இருக்கும் அவருடைய அக்காள் மகன் பிறந்தநாளுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5ஐப் பிரித்துவிட்டு அரைமணி நேரத்தில் எழுந்து போய்விட்டான் என்பதுதான். ஒரு பையன் எழுந்து போனதற்கு ஒரு யுகமே எழுந்து போய்விட்டதாக எழுதுவது நம் பத்திரிகைகளில் புதிதல்ல. ஆனால் இந்த முறை அவர் உதாரணத்துக்குத் தீபாவளியையும் பட்டாசையும் இழுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டார். சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சில தகவல்கள். நம்மவர்களுக்குத் தகவல் என்றால் கசப்பு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி. அன்றைய விலை 49,990 ரூபாய். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 என்ற பெட்டி 2025 ஜூன் 5ஆம் தேதி வெளியாகி முதல் நான்கு நாட்களில் உலகெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆக, ஆர்ப்பரிக்க ஆளில்லாமல் போகவில்லை. ஆர்ப்பரிப்பது யார் என்பதுதான் கேள்வி. இதே நின்டெண்டோ 2016 நவம்பரில் உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. எண்பதுகளில் விற்ற தன் பழைய பெட்டியின் குட்டி உருவம். உள்ளே முப்பது பழைய விளையாட்டுகள். அது பத்து வயதுப் பையனை நினைத்துச் செய்த பொருள் அல்ல. சம்பளமும் முதுகுவலியும் வந்துவிட்ட, ஒரு காலத்தில் பத்து வயதுப் பையனாக இருந்த ஆளை நினைத்துச் செய்தது. நண்பர் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பதை ஒரு கம்பெனி சரக்கு என்று கண்டுகொண்டு விலையும் போட்டுவிட்டது. அவருடைய கட்டுரையின் இரண்டாம் பத்தியை அப்படியே எடுத்து அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்தால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. சிவகாசியில் நல்ல ஆப்செட் அச்சகங்கள் இருக்கின்றன.

என் சண்டை 'இன்னும்' என்ற அந்த ஒரு சொல்லோடு. 'குழந்தைகள் இன்னும் வியக்கிறார்களா' என்றால் ஒரு காலத்தில் எல்லாக் குழந்தைகளும் வியந்தார்கள் என்று ஆகிறது. 'குழந்தைகள்' என்ற பன்மையைச் சந்தடியில்லாமல் உள்ளே நுழைத்துவிடும் சொல் அது. விருதுநகரில் என் தெருவில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வீடியோ கேம் புதிதாக வரவேயில்லை. ஜப்பானில் 1983 ஜூலை 15ஆம் தேதி ஃபாமிகாம் என்ற பெயரில் வெளியான யந்திரம், சுமார் பதினைந்து வருடம் கழித்து, வேறு ஏதோ பெயர் ஒட்டிய நகலாக, பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியின் பிளாஸ்டிக் கடைகளில் வந்து உட்கார்ந்தது. நாங்கள் அதை டிவி கேம் என்றுதான் சொல்வோம். மஞ்சள் கேசட், அதன் மேல் 9999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கும், போட்டுப் பார்த்தால் ஏழோ எட்டோதான் தேறும், மீதியெல்லாம் அதே விளையாட்டு வேறு எண்ணில். கேசட் ஓடாவிட்டால் கழற்றி அடியில் வாயால் ஊதிச் செருக வேண்டும். எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இருந்தது. வாசற்படியில் ஏழு பேர் உட்கார்ந்திருப்போம். அந்த வீட்டுப் பையன் வைத்ததுதான் சட்டம். யார் முறை, எத்தனை உயிர், யார் வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மரியோவை நானாக ஆட்டியது என் ஆயுளில் மொத்தம் ஒரு மணி நேரம் தேறாது. பார்த்தது நூறு மணி நேரம் இருக்கும். எனக்கு இருந்த பரவசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெட்டியிலிருந்து வந்ததல்ல, பெட்டி என்னுடையது இல்லை என்பதிலிருந்து வந்தது. முறைக்காகக் காத்திருந்ததிலிருந்தும், கரண்டு போய்விடுமோ என்ற பயத்திலிருந்தும் வந்தது. நண்பருக்கு இல்லாமை வேண்டாம், அதிலிருந்து சுரந்த வியப்பு மட்டும் வேண்டும். ஊறுகாய் வேண்டும், உப்பு வேண்டாம் என்கிற மாதிரி.

இதுவரை சொன்னது லேசான பகுதி. அந்த 1983 ஜூலையிலேயே வேறொன்றும் நடந்தது. ஃபாமிகாம் கடைக்கு வருவதற்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான காலம் முன்பு, ஜூலை 2ஆம் தேதியிட்ட 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ஸ்மிது கோத்தாரியின் கட்டுரை வெளியாயிற்று. அந்தத் தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்று தலைப்பிலேயே சொன்ன கட்டுரை. பெரிய ஜப்பான் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்ட அதே மாதத்தில், குட்டி ஜப்பானில் குழந்தைகள் வேறு பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி ஜப்பான் என்பது சிவகாசிக்கு நாமே சூட்டிப் பெருமைப்பட்டுக்கொண்ட பெயர். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ஆவணப்படத்துக்கு 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று பெயர் வைத்து அந்தப் பெருமையை அதன் முகத்திலேயே திருப்பி அடித்தார். பூமணி தீப்பெட்டித் தொழிலையும் அதில் உழைத்த பிள்ளைகளையும் வைத்து 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். நம் வட்டத்தில் பூமணியின் 'வெக்கை'யைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்தப் படத்தைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர் என்று கேட்டால் சபையில் அமைதிதான்.

நண்பர் தீபாவளியை எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள். ஒரு வாரம் முன்பே பட்டாசை வாங்கி, மொட்டைமாடியில் முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்ததை எழுதுகிறார். பங்கு பிரித்ததையும், தம்பியின் பங்கிலிருந்து ஒரு சாட்டையைத் திருடியதையும், விடியற்காலை எண்ணெய் வழியும் தலையோடு முதல் வெடியைக் கொளுத்த ஓடியதையும் எழுதுகிறார். எல்லாம் சரி, எல்லாம் உண்மை. நானும் காயவைத்தேன், நானும் திருடினேன். ஆனால் அந்தச் சாட்டையும் குருவிவெடியும் அவர் வீட்டு மொட்டைமாடியில் முளைக்கவில்லை. அவருடைய வியப்பு ஒரு கைமாறிய பொருள். அதை முதலில் தொட்ட கையும் அவருடைய கையளவே இருந்திருக்கக்கூடிய கை.

இங்கே என் அத்தையைச் சொல்லியாக வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். 1980ஐ ஒட்டிய வருடங்களில், எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை; தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். ஏதோ நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடும் இடம் மாதிரி. அத்தைக்கு வேலை கட்டை அடுக்குவது: பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசை வைத்து நிரப்பிக் கொடுக்க வேண்டும், பிறகு அதை மருந்தில் முக்குவார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. விடிவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி ஊருக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். இருட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும்.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய கூட்டம் ஒன்றுக்குக் குறிப்பு எடுப்பதற்காக ஒரு முறை அவரிடம் போய் உட்கார்ந்தேன். கையில் நோட்டு, முகத்தில் தேவையான சோகம். "அந்த வண்டி வர்றப்ப எப்படி இருக்கும் அத்தை?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சன்னல் சீட்டுக்குத்தான்யா சண்டை. எங்க ஊருக்கு வேற வண்டியே கிடையாது. லைட்டப் போட்டுக்கிட்டு அது கண்மாய்க்கரை ஏறி வர்றதப் பாக்குறதுக்காகவே எந்திரிச்சிருவோம். எங்கம்மா எழுப்பணும்னு இல்ல" என்றார்.

நோட்டை மூடிவிட்டேன். கூட்டத்தில் அதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் தப்பான பக்கத்துக்கு உதவும் என்று பயம். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வேலைக்கு வந்தார்கள் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் உண்டு. பத்து வருடமாக அந்த வாக்கியம் எனக்குள் அடங்காமல் கிடக்கிறது. நண்பரின் கட்டுரையைப் படித்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று தெரிந்தது.

வியப்பு என்பது ஏதோ புனிதமான வஸ்து, அது இருக்கும் இடத்தில் குழந்தைமை இருக்கிறது, அது போன இடத்தில் குழந்தைமை போய்விட்டது என்று நண்பர் நினைக்கிறார். இல்லை. எட்டு வயதில் எதற்கும் வியப்பு வரும். தன்னைப் பதினான்கு மணி நேர வேலைக்கு அள்ளிப்போக வரும் வண்டியின் விளக்கைப் பார்த்தும் வரும். அது பசியைப் போல உடம்பில் ஊறுவது. அதை எவனும் தன் வண்டியில் பூட்டிக்கொள்ளலாம்: ஆபீஸ்காரன், கேம் கம்பெனிக்காரன், கட்டுரை எழுதுகிறவன். ஒரு குழந்தை வியந்தது என்பதால் அதற்கு நல்லது நடந்தது என்று ஆகாது. வியக்கவில்லை என்பதால் கெட்டது நடந்தது என்றும் ஆகாது. இதைச் சொன்னால் அத்தையின் சந்தோஷமும் பொய்யாகிவிடாது, அந்த வண்டியும் நியாயமாகிவிடாது. இரண்டையும் ஒரே கையில் பிடிக்கத் தெரியாதவன் குழந்தைகளைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு வேர்ட்ஸ்வர்த்தை மூன்று மாதம் நடத்தினார்கள். பிளேக்கை இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். நம் விமர்சனத்திலும் அதே விகிதம்தான். குழந்தை சொர்க்கத்தின் ஒளியோடு வருகிறது, வளர வளர அந்த ஒளி மங்குகிறது என்ற வேர்ட்ஸ்வர்த் எண்ணத்தை நாம் இரண்டு தலைமுறையாகப் புதிதுபோலச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிளேக்கோ புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றி ஒரே தலைப்பில் இரண்டு கவிதைகள் எழுதினான். ஒன்று 1789இல் வெளிவந்த களங்கமின்மைப் பாடல்களில், மற்றது 1794இல் வந்த அனுபவப் பாடல்களில். முதல் கவிதையில் ஒரு பையனுக்குக் கனவில் தேவதூதன் வந்து விடுதலை தருகிறான்; பையன் இருட்டோடு எழுந்து குளிரில் மகிழ்ச்சியாக வேலைக்குப் போகிறான். அந்த மகிழ்ச்சிதான் கவிதையின் பயங்கரம். கண்மாய்க்கரை ஏறி வந்த விளக்கை அத்தை சொன்னபோது எனக்குப் பிடிபடாமல் போனதை, இருநூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் ஒருவன் பார்த்திருக்கிறான்.

நம் மரபிலும் கோளாறு இல்லாமல் இல்லை. பிள்ளைத்தமிழைப் போலக் குழந்தையைக் கொண்டாடிய இலக்கிய வகை வேறு எங்கே இருக்கிறது என்று மார்தட்டுவோம். காப்பு முதல் சிறுதேர் வரை பத்துப் பருவம். அவ்வளவிலும் குழந்தை கடவுளாகவோ அரசனாகவோதான் இருக்கும். செங்கீரை ஆடும், சப்பாணி கொட்டும், நிலவைக் கூப்பிட்டு விளையாடும். பெற்றவளின் கண்ணிலிருந்து பார்த்துப் பழகிய கவிதை. அது தவறு என்று சொல்லவில்லை, அதன் எல்லை அது. ஆனால் நவீன கவிஞன் அந்தக் கடவுள் குழந்தையை அப்படியே தூக்கிவந்து, கிரீடத்தைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு கேசட்டைக் கொடுத்து, 'என் பால்யம்' என்கிறான். இதற்கு நவீனத்துவம் என்று பெயர் வேறு.

இன்றைக்கு வருகிறேன். பிள்ளைகள் ஆர்ப்பரிப்பதை நிறுத்திவிட்டார்களா? வெம்பக்கோட்டைப் பக்கம் போய்க் கேட்டால் பெட்டி என்றால் என்ன என்று கேட்பார்கள். அங்கே விளையாட்டு வந்தது பெட்டியாக அல்ல, போனாக. 2020இல் பள்ளிகள் மூடி, பாடம் போனில் நடக்கும் என்று ஆனபோது, பிள்ளைக்குப் போன் வாங்கக் காதுத்தோட்டை அடகு வைக்க வந்த அம்மாக்களின் நகைக்கடன் விண்ணப்பங்களை நிரப்பியவர்களில் நானும் ஒருவன். திரி சுற்றியும் குழாய் உருட்டியும் விரல் நுனி வெளிறிய கைகள். அந்தப் போனில் பாடம் எவ்வளவு நடந்ததோ, ஃப்ரீ ஃபயர் நன்றாக நடந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும். பையன்கள் அதன் இன்னொரு பதிப்புக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களுடைய துள்ளலை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துப்பாக்கிக்குப் புதிய நிறம் வந்தால் தெருவே கத்துகிறது. கருவி புதிதாக வேண்டியதில்லை. மூலை உடைந்த போன் போதும். கண்ணாடிக்குள்ளே புதிது வந்தால் சரி.

மாறியது வியப்பு அல்ல, அதன் காலம். நண்பர் பார்த்திருக்க வேண்டிய இடம் இது. ஒரு விமர்சகனுக்கு உரிய வேலையும் இதுதான். எங்களுக்குத் தீபாவளிக்கு ஒரு நாள், பங்குனிப் பொங்கலுக்கு ஒரு நாள் என்று இருந்தது. வருடம் முழுவதும் அந்த நாளை நோக்கிச் சரிந்து கிடக்கும். பெட்டியைப் பிரிப்பது என்பது அந்தச் சரிவின் அடி. இப்போதைய விளையாட்டில் பிரிக்க எதுவும் இல்லை. தினமும் உள்ளே வந்தால் ஒரு சிறு பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். இது பண்டிகையின் காலம் அல்ல, ஆபீசின் காலம். தினப்படி வருகைப் பதிவு, கட்டைக் கணக்கு. அத்தை இன்று தன் பேத்தியின் போனில் மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைக்கும் விளையாட்டை ஆடுகிறார். பேத்தியை விட வேகம். "இதுக்கும் கூலி குடுத்தா நல்லாருக்கும்" என்றார் ஒரு நாள்.

பண்டிகைக்கும் இப்போது கடிகாரம் கட்டியாயிற்று. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு பிரித்துக் கொடுத்தது. டெல்லியின் நுரையீரலுக்காக வந்த தீர்ப்பு; நுரையீரல் முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சரம் பின்னிப் பிழைத்த பெண்களுக்குப் பின்னல் வேலை போனது பற்றி நம் வியப்புக் கட்டுரையாளர்கள் யாரும் ஒரு வரி எழுதிப் பார்க்கவில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் தங்கள் பால்யத்தின் சத்தம் குறைந்துவிட்டது என்றுதான். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபது பேர் போல. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. இவ்வளவு தேதிகளை ஏன் அடுக்குகிறேன் என்றால், நண்பரின் கட்டுரையில் ஒரு தேதிகூட இல்லை. 'அந்த நாட்களில்' என்றே பன்னிரண்டு பக்கம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 1986 சட்டமும், 1996 டிசம்பர் 10ஆம் தேதி எம்.சி. மேத்தா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதற்கு முன்னும் பின்னும் இங்கே உழைத்தவர்களின் பிடிவாதமும் சேர்ந்து அந்த விடியற்கால வண்டிகளைப் பெரும்பாலும் நிறுத்தின. அத்தையின் பேத்தி போவது பள்ளிக்கூட வண்டியில். அவள் அதற்காகத் துள்ளுவதில்லை. தினம் எழுப்பி எழுப்பி அத்தைக்குத் தொண்டை வற்றுகிறது. நண்பரின் கணக்குப்படி இது ஒரு வீழ்ச்சி. பாட்டிக்கு இருந்த பரவசம் பேத்திக்கு இல்லை. ஒரு வண்டியைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் உரிமையைப் பெற ஒரு குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆயிற்று என்று நான் எழுதினால் அவர் அதைச் சமூகவியல் என்பார், இலக்கியம் வேறு தளம் என்பார். தளங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. சலிப்பையும் எழுதத் தெரிந்தவன்தான் வியப்பை எழுதலாம் என்பது என் கட்சி. சலிப்பு வந்தவுடனேயே இரங்கற்பா பாட உட்கார்ந்துவிட்டால் அந்தக் குழந்தையை யார் பார்ப்பது?

கடைசியாக, பெங்களூர்ப் பையன். அவன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. 49,990 ரூபாய்ப் பொருளைப் பிரித்து வைத்துவிட்டு, மாமா எதிர்பார்த்த முகபாவத்தைக் காட்டாமல் எழுந்து போயிருக்கிறான். பெட்டியின் விலையை எழுதிய நண்பர், அவன் எழுந்தபோது தம் மனசுக்குள் எழுந்த வெறுமையை ஒன்றரைப் பக்கம் எழுதிய நண்பர், அவன் எங்கே போனான், போய் என்ன செய்தான் என்று ஒரு வரி எழுதவில்லை. அடுத்த இதழில் எழுதட்டும். அதற்குப் பக்கம் ஒதுக்க ஆசிரியரிடம் நானே சிபாரிசு செய்கிறேன்.